முரசு அடிக்காத வியாழக்கிழமை

மே 27, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. மூலிகைத் தேநீர் குடித்துக் குடித்து வயிறு குளமாகிவிட்டது. கூடைப்பந்து இறுதிச் சுற்றில் ஆளுக்கோர் ஆட்டம் ஜெயித்தாயிற்று. ஐந்தில் மூன்றை முதலில் எடுப்பவர்களுக்குக் கோப்பை. நாங்கள் எடுத்தால் வைஸ்டர்பாக் அணிக்கு அது நான்காவது. அரங்கத்துக் கூரையில் மூன்று வெற்றிக் கொடிகள் தொங்குகின்றன. நான்காவதுக்கு இடம் விட்டே கட்டியிருக்கிறார்கள், திமிர் பிடித்தவர்கள்.

எத்தனையோ வருஷமாக நான்தான் அறிவிப்பாளர். ஆனாலும் கொன்ராட் பேரைச் சொல்லும்போது மட்டும் உள்ளங்கை வேர்க்கிறது. பெற்ற பிள்ளை, அணித்தலைவன் வேறு. முதல் பேரை நான் சொல்வேன். ரசிகர் மேடையிலிருந்து என் வீட்டுக்காரர் ஆல்வின் முரசில் ஒரே ஒரு தட்டு. உடனே ஆறாயிரம் பேரும் சேர்ந்து குடும்பப் பேரைக் கத்துவார்கள்: டென்ஸ்லர்! அம்மா, அப்பா, பிள்ளை மூன்று பேரும் ஒரே மூச்சில். எதிரணிக்கு இந்த மரியாதை கிடையாது. அவர்கள் பேரை இடைவெளி விடாமல் முழுசாக வாசித்துத் தள்ளுவேன். சனம் "அதுக்கென்ன!" என்று கத்தும்.

மே 29, செவ்வாய்

பத்திரிகையில் வந்துவிட்டது. அடுத்த பருவத்தில் கொன்ராட் நோர்டன்ஸீலுக்கு ஆடப் போகிறானாம். இப்போது யாரோடு இறுதிச் சுற்று ஆடுகிறானோ அவர்களுக்கே! ரொட்டிக் கடையில் ஒருத்தி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் வந்தான். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"உண்மையாடா?"

"உண்மைதாம்மா. பனிக்காலத்துலயே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஏண்டா? இங்க என்ன குறை உனக்கு?"

"இங்க அவங்க கத்துறது என்னையாம்மா? அப்பாவை. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சது. நான் சும்மா அந்தப் பேரைச் சட்டையில போட்டுக்கிட்டு ஓடுறேன்."

அவன் சொல்வது பொய்யில்லையே. அமெரிக்கச் சிப்பாய்கள் முகாமைக் காலி செய்தபோது விட்டுப்போன வளையத்தை வைத்துத் தொடங்கிய அணி இது. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் ஆடிய காலத்தில், முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்ட அந்தக் கடைசிக் கூடையைப் போட்டவர் இந்த மனுஷன்தான். ஒலிபெருக்கி 'ஆல்வின்' என்றதோடு செத்துப்போனது. மீதிப் பேரைச் சனம் கத்தி முடித்தது. வழக்கமே அன்றைக்குத்தான் பிறந்தது.

அவர் உள்ளேயிருந்து வந்தார். "அவனுங்ககிட்டப் போயா?" என்று ஒரே கேள்வி. பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

ஜூன் 1, வெள்ளி

அங்கே போய்த் தோற்றோம். கொன்ராட் வெறும் ஆறு புள்ளி. "விலை போயிட்டான்" என்கிறார்கள்.

ஜூன் 3, ஞாயிறு

ஜெயித்தோம். இரண்டுக்கு இரண்டு. கொன்ராட் முப்பத்தொன்று. "புது முதலாளிக்குச் சரக்கைக் காட்டுறான்" என்கிறார்கள். அடித்தாலும் குற்றம், அடிக்காவிட்டாலும் குற்றம். நாக்கா அது, என்ன எழவு!

ஜூன் 5, செவ்வாய்

ரசிகர் மேடைத் தலைவன் ஷோர்ஷ் வந்தான். எங்கள் கல்யாணத்தில் மேஜைமேல் ஏறி ஆடியவன், இன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"கெர்லிண்டே, தப்பா எடுத்துக்காத. நாளன்னிக்கு உன் பையன் பேருக்கு நாங்க வாயத் தொறக்க மாட்டோம். கூடை போட்டா கை தட்டுவோம். பேரு மட்டும் கெடையாது."

"அது அவன் பேரு மட்டுமாடா? இதோ உக்காந்து உருண்டை முழுங்குறாரே, இவர் பேரும்தான்."

"அதான் நானும் சொல்றேன். முரசு ஆல்வின்கிட்ட. அவன் தட்டுனா கத்துறோம். தட்டலைன்னா இல்ல."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். அவர் உருளைக்கிழங்கு உருண்டையால் குழம்பை வழித்துக்கொண்டிருந்தார். தட்டு எப்போதோ காலி.

ஜூன் 6, புதன்

மேலாளர் ரைடல் கூப்பிட்டார். "கொன்ராட் பேரை மட்டும் முழுசா வாசிச்சிடுங்களேன். இடைவெளி விட்டாத்தானே அமைதி தெரியும்?"

"வெளியூர்க்காரன் பேரு மாதிரியா? என் வாயால அது வராதுங்க."

கொன்ராடைக் கேட்டால், "எப்பவும்போலச் சொல்லும்மா" என்கிறான்.

துணி மடிக்கும்போது இவரிடம் நேராகவே கேட்டேன். "தட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"தெரியல கெர்லிண்டே. கை என்ன செய்யுதோ."

கையா? கை யாருடையது? சொந்தப் பிள்ளைக்கு ஒரு தட்டு, அதற்கு இவ்வளவு யோசனையா? நாளைக்கு ஒன்றும் சாப்பிடப் போவதில்லை.

ஜூன் 8, வெள்ளி

ஜெயித்தோம். நான்காவது கோப்பை. காலையிலிருந்து ஊர் முழுக்க வண்டி ஹாரன். எனக்குத்தான் ஒன்றும் இனிக்கவில்லை.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். மற்ற நாலு பேருக்கும் முரசு ஒழுங்காக விழுந்தது. பிறகு நான் "கொன்ராட்—" என்றேன். நிறுத்தினேன்.

முரசு வரவில்லை. குச்சியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். ஆறாயிரம் பேர் இருக்கும் இடத்தில் பிள்ளையின் காலணி கிறீச்சிடுவது எனக்குக் கேட்டது. தனியாக ஓடி வந்து மற்றவர்களுக்குக் கை கொடுத்தான். அப்பா பக்கம் ஒரு தடவை பார்த்தான். அப்புறம் பார்க்கவேயில்லை. நானும் உடனே அடுத்த வேலைக்குப் போகவில்லை. வேண்டுமென்றே காத்திருந்தேன். அந்த மனுஷனுக்கு மனசு மாற நேரம் கொடுத்தேன். மாறவில்லை.

கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிரி கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்து, ஒற்றையாக ஓடிப் போட்டது யார்? அவன்தான். போன ஜென்மத்துப் பகை எல்லாம் மறந்துபோன மாதிரி சனம் துள்ளியது. "டென்ஸ்லர்! டென்ஸ்லர்!" அதற்கு முரசு வேறு! இடி மாதிரி முரசு!

இப்போது மட்டும் பேர் வேண்டுமா உங்களுக்கு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதக்கம் வாங்க ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அணித்தலைவன் கடைசி. சனம் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தது. ஆல்வின் குச்சியை ஓங்கிவிட்டார். நான் இடைவெளி விடாமல், வெளியூர்க்காரன் பேரை வாசிக்கிற மாதிரி, "கொன்ராட் டென்ஸ்லர்" என்று முழுசாக வாசித்தேன்.

வராது என்று சொன்ன வாயில் வந்துவிட்டது. ஆறாயிரம் வாயும் திறந்தபடி நின்றது. ஓங்கிய குச்சி இறங்கவில்லை. மைக்கை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

ஜூன் 9, சனி

இவர் காபி மட்டும் போட்டு வைத்திருந்தார். ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 20, புதன்

ரைடலிடம் சொல்லிவிட்டேன், வேறு ஆள் பார்க்கச் சொல்லி. "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்தாயிற்று.

கொன்ராட் சாமான் ஏற்றினான். கூப்பிடாமலே இவர் வந்து துணி துவைக்கும் இயந்திரத்தின் கனமான பக்கத்தைத் தூக்கினார். "மெதுவா, வாசப்படி" என்றார். அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த பேச்சு.

அக்டோபர் 6, சனி

நோர்டன்ஸீல். பருவத்தின் முதல் ஆட்டம். "ரயில் வேண்டாம், நானே ஓட்டுறேன்" என்று இவரே கிளம்பினார். வழியெல்லாம் முணுமுணுப்பு. இங்கே ரொட்டிக்குள் பச்சை மீனை வைத்துக் கொடுக்கிறார்கள், அதற்கும் முணுமுணுப்பு. முரசு வீட்டில்.

இங்கேயும் அதே வழக்கம்தான். யாரோ ஒரு பையன் அறிவிப்பாளன். "கொன்ராட்—" என்று நிறுத்தினான். ஆயுசு பூராவும் பாதிப் பேரை மட்டும் சொன்னவள் நான். முதல் தடவையாக மீதியைக் கத்தினேன். முன்பின் தெரியாத சனத்தோடு சேர்ந்து, தொண்டை கிழிய. டென்ஸ்லர்!

பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு, முன் இருக்கையின் முதுகில் முஷ்டியால் ஒரே ஒரு தட்டு விழுந்தது. அப்புறம் கரகரவென்று, தனியாக: "டென்ஸ்லர்!"

கீழே கொன்ராட் தலை நிமிர்ந்தது.

முன் இருக்கைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னங்க இது? யார் நீங்க?"

நாற்பது வருஷமாக எவனும் இவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"கொன்ராடோட அப்பா" என்றார்.