நாற்பத்தொன்றில் நான் எத்தனை

பிப்ரவரி 3
வலைப்பூ தொடங்கி ஒரு மாதம். வாஷிங் மெஷின் பழுது பற்றி ஐந்து பதிவுகள். நேற்று வந்து படித்தவர்களின் எண்ணிக்கை நாற்பத்தொன்று! இன்று வேலைக்குப் போன வீட்டில் அந்த அம்மாள் கதவைத் திறந்து, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்டாள். பெண் மெக்கானிக்காகப் பதினொரு வருடம், இதே கேள்வி. கையில் ஸ்பேனரோடு நிற்கிறேன், கண் தெரியவில்லையா? வலைப்பூவிலாவது என் பேச்சு எடுபடட்டும்.

பிப்ரவரி 4
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாற்பத்தொன்று என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் ஆத்திரம் வந்து, "மார்ச் முடியறதுக்குள்ள தினம் நூறு பேர் வரலேன்னா எழுதறதையே விட்டுடறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். உடனே நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டார். இதற்கு மட்டும் என்ன சுறுசுறுப்பு.

பிப்ரவரி 9
நாத்தனார் வந்திருந்தாள். இணையதளங்கள் செய்து தரும் கம்பெனியில் வேலை. எண்ணிக்கையைக் காட்டினேன். அது ஆள் இல்லை, பார்வை என்றாள். நான் திறந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒன்று கூடுமாம்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ பாப்பீங்க அண்ணி?"

காபி போட எழுந்துவிட்டேன். என்னைச் சேர்க்காமல் எண்ணும்படி ஏதோ மாற்றிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 10
மூன்று.

பிப்ரவரி 11
அந்த மூன்றிலும் ஒருத்தி நாத்தனார். அப்படியென்றால் அன்றைய நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு தடவை — நானேவா? என் கடைக்கு நானே கூட்டமா?

நாத்தனாரைப் போனில் பிடித்தேன். புது வலைப்பூவுக்கு முதல் சில மாதம் நாளுக்குப் பத்துப் பேர் வந்தாலே நல்ல விஷயமாம். இணையத்தில் தேடுகிறவர்கள் கண்ணில் படவே அரை வருடம் ஆகலாமாம். முப்பது, நாற்பது பதிவாவது சேரட்டும், வருடம் திரும்பட்டும் என்கிறாள். இதை முதலிலேயே சொன்னால் என்ன? நான் கேட்கவில்லையாம். கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ‘மூன்றே மாதத்தில் லட்சம் வாசகர்கள்’ என்று வீடியோ போட்டவன் மட்டும் கையில் கிடைத்தால், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன்.

மார்ச் 14
ஆறு. எட்டு. ஐந்து. வீட்டுக்காரர் நாட்காட்டியைத் தாண்டும்போதெல்லாம் இருமுகிறார். வேண்டுமென்றேதான்.

மார்ச் 22
முதல் பின்னூட்டம். வசவு.

"நீங்க சொன்ன மாதிரியே கீழ இருக்கற ஃபில்டரைத் திறந்தேன். வீடு முழுக்கத் தண்ணி. எழுதறதுக்கு முன்னாடி யோசிக்க மாட்டீங்களா?"

சூடாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுத்தானே திறக்க வேண்டும், இது கூடவா தெரியாது? பதிவைத் திரும்பப் படித்தேன். அந்த வரி இல்லை. என் கை தானாகச் செய்கிற வேலை. எழுதத் தோன்றவே இல்லை. தூக்கிவாரிப் போட்டது.

மன்னிப்புக் கேட்டேன். பதிவைத் திருத்தினேன். வெட்கமாக இருக்கிறது. அந்த ஆள் கேட்ட விதத்தில் கோபமும் இருக்கிறது. ஆனால் — ஒருவர் நான் எழுதியதை நம்பி, வரி பிசகாமல் செய்து பார்த்திருக்கிறார். அதை நினைத்தால் உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கிறது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

மார்ச் 28
அதே ஆள். மெஷின் இப்போது தண்ணீரை ஒழுங்காக வெளியேற்றுகிறதாம், ஆனால் டிரம் சத்தம் போடுகிறதாம். அதற்கும் எழுதச் சொல்கிறார். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது.

மார்ச் 31
ஒன்பது பேர். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்: "ஒம்பது. நான் விடறதா இல்ல."

டிரம் பற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.