தாடைக்கு ஒரு பட்டி

மாமா,

இன்று காலை என் மிஷினுக்கு வந்த பண்டிலைப் பிரித்தேன். சாம்பல் நிற ரிப் துணி. பனியன் கழுத்துக்கு வெட்டி, கட்டுக் கட்டாக வைத்திருந்தார்கள். உங்களுக்கு நான் தைத்தது இதே துணியில்தான். கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து மிஷினில் இருக்கும் திண்டுக்கல் பெண், "என்னக்கா, ஊசி ஒடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். "இல்ல புள்ள, தண்ணி குடிச்சுப்போட்டு வந்தர்றேன்" என்று எழுந்து வெளியே போய்விட்டேன். அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று அழுதேன். துக்கத்தில் அல்ல, உங்கள்மேல் இருக்கும் கோபத்தில். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது, இன்னும் ஆறவில்லை.

பெருமாநல்லூர் நிட்டிங் கம்பெனியில் உங்களுக்கு எப்போதும் நைட் ஷிப்ட். காலையில் வந்து நாலு இட்லியைத் தின்றுவிட்டுப் படுத்தால் நம் மண்ணரை ஊரே அதிரும்படி குறட்டை. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது அதைப் பார்த்துப் பயந்து உங்களை உலுக்கி எழுப்புவேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோய் என்றார் டாக்டர். "இப்படியே உட்டீங்கன்னா வண்டி ஓட்டறப்பவே தூங்கிருவாருங்க" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அது என் காதில் விழாமல் இல்லை.

டாக்டர் கொடுத்தனுப்பியது மூக்கில் மட்டும் மாட்டுகிற மாஸ்க், அதற்கு ஒரு குழாய், காற்றைத் தள்ளுகிற ஒரு சின்ன மிஷின். நாலு நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மூக்கில் போன காற்று வாய்க்குள் வர ஆரம்பித்தது. கன்னம் உப்பும், உதடு திறக்கும், புர்ர்ர் என்று காற்று வெளியே போகும். உடனே முழிப்பு வந்துவிடும் உங்களுக்கு. "ஏனுங் மாமா, பலூனுக்குக் காத்தடிக்கறாப்புல இருக்குதுங்க" என்று நான் சிரித்தேன். "சிரி அம்மிணி, நல்லாச் சிரி. நாக்கு வறண்டு அட்டையாட்டம் கெடக்குது" என்றீர்கள்.

வாயில் காற்று வந்தால் தள்ளிப் போடாமல் வாருங்கள், மூக்கைப் பார்க்க வேண்டும், மாஸ்க்கை மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த வாரம் எங்கள் கம்பெனியில் ஷிப்மென்ட், சரக்கு ஏற்றுகிற அவசரம். எனக்கு லீவு கிடைக்காது, நான் வராமல் நீங்கள் போகமாட்டீர்கள். "வாயிதானுங்க தொறந்துக்குது, அதுக்கெதுக்கு டாக்டரு? பொழுதன்னிக்கும் எலாஸ்டிக் வெச்சுத் தெக்கறவ நானு. தாடையத் தூக்கிக் கட்ட ஒரு பட்டி தெச்சாப் போச்சு" என்றேன். பெரிய இவள்! எல்லாம் தெரிந்தவள்!

உங்களை நாற்காலியில் உட்காரவைத்து, டேப்பால் தாடையிலிருந்து உச்சந்தலைவரை அளந்தேன். முதல் சாம்பிள் காதை மடக்கியது. இரண்டாவது வழுக்கியது. பிரித்து, எலாஸ்டிக்கை அரை அங்குலம் குறைத்து, ரிப் துணியை இரண்டாக மடித்து மூன்றாவது தைத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "சாம்பிள் ஓகேங்க மேடம், புரொடக்சன் போட்டுக்கலாம்" என்று சரக்கு வாங்க வருகிற பையர் மாதிரி தலையாட்டினீர்கள். அன்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறுநாளிலிருந்து அந்த புர்ர்ர் சத்தம் இல்லை. மதியச் சாப்பாட்டு பெல் அடித்ததும் இரண்டு தெரு தாண்டி வீட்டுக்கு ஓடி வருவேன். கதவைத் திறந்தால் மிஷின் சீராக ஓடுகிற ஓசை. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி, தலை மூடப் போர்வையை இழுத்துப் படுத்திருப்பீர்கள். தூக்கம் கலையக் கூடாதென்று கிட்டே வரமாட்டேன். சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போவேன். தையல் லைனில் எல்லோரிடமும் என் பட்டியைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஒரே ஒருமுறை, "மூச்சு முட்டறாப்புல இருக்குது அம்மிணி" என்றீர்கள். "புது ஜட்டிகூட ரெண்டு நாளைக்கு இறுக்கத்தானுங்க செய்யும், பழகிரும்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

எத்தனை இருந்தது நான் கவனிக்க! மிஷின் ஓசைக்கு அடியில் அமுங்கிக் கேட்ட குறட்டை. உங்கள் கர்ச்சீப்பில் சளியோடு பஞ்சு. சோற்றில் கை வைத்தபடியே தலை தொங்கியது. ஒருநாள் வண்டியின் ஒரு பக்கம் முழுக்கச் சிராய்ப்பு. கேட்டதற்கு, "மண்ணுல சறுக்கிருச்சு" என்றீர்கள். இதையெல்லாம் விடக் கொடுமை, ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பட்டியைத் துவைத்தது நான். ஒரு வேர்வை வாடை இல்லை, எச்சில் கறை இல்லை. இரண்டு மாதம் கழித்தும் இழுத்துவிட்டால் சடக்கென்று சுருங்கிக்கொண்டது. தினமும் போட்டால் எந்த எலாஸ்டிக்கும் இரண்டு மாதத்தில் தளர்ந்துவிடும். பதினெட்டு வருடம் எலாஸ்டிக் தைக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அன்று கொடியில் போட்டுக்கொண்டே, நம் தையல் தையல்தான் என்று நினைத்தேன் மாமா.

அந்த வியாழக்கிழமை காலை இட்லிச் சட்டியை இறக்கிவைத்த நேரத்தில் போன் வந்தது. ரோட்டோரம் நிறுத்தியிருந்த லாரியில் மோதியிருந்தீர்கள். நல்ல வெளிச்சம், நேர் ரோடு. பார்த்தவர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் சொன்னார், "பிரேக் புடிச்ச தடமே இல்லீங்க."

காரியமெல்லாம் முடிந்து மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டாக்டர் அதிலிருந்த கணக்கைப் பார்த்தார். தினமும் ஆறு மணி நேரம் ஓடியிருக்கிறது. "ஆனா மொத வாரம் போக, காத்து முழுக்க வெளியதான் போயிருக்குதுங்கம்மா. மாஸ்க்க மொகத்துல மாட்டவே இல்ல" என்றார். பட்டியைப் பற்றிச் சொன்னேன். "பஞ்சுத் தூசியில மூக்கு அடைச்சிருந்திருக்கும். அதனாலதான் வாய் தொறந்துச்சு. வாயையும் கட்டிட்டா மூச்சுக்கு வழி எங்கீங்க?" என்றார். நிட்டிங்கில் துணியில் ஓட்டை விழுந்தால் நீங்கள் துணியைத் தொடவே மாட்டீர்கள். மிஷினை நிறுத்தி, ஒடிந்த ஊசியைத் தேடுவீர்கள். உங்கள் மூக்கு விஷயத்தில் நம் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

போன வாரம் உங்களோடு நைட் ஷிப்ட் பார்த்த தம்பி வீட்டுக்கு வந்தான். உங்கள் டிபன் கேரியரையும் ஸ்வெட்டரையும் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றான். என்ன சாமி என்று கேட்டதும் அழுதுவிட்டான்.

"சொல்லாம இருக்க முடியலீங்க்கா. ஏனுங்ணா இப்படிச் சொக்கி உழுகறீங்க, மிஷினு மாட்டித்தான தூங்கறீங்கன்னு கேட்டனுங்க. 'மூக்கடைப்போட அந்தப் பட்டியக் கட்டுனா உசுரே போறாப்புல இருக்குதுடா. போடறதில்லைன்னு சொன்னா அவ மனசு சங்கடப்படும். மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சா. அதான் மிஷின மட்டும் ஓட உட்டுட்டுப் படுத்துக்கறேன்'னாருங்க."

என் மனசு சங்கடப்படுமாம்!

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? கத்தியிருப்பேன். தட்டை ணங்கென்று வைத்திருப்பேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருப்பேன். மூன்றாம் நாள், ஷிப்மென்டாவது ஒண்ணாவது என்று உங்களை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இரண்டே இரண்டு நாள். அதற்காகவா அத்தனை பகலும் மூச்சில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தீர்கள்? நான் அவ்வளவு கோபக்காரியா மாமா?