நாலு மணிக்குப் பூட்டும் கதவு

மார்ச் 9, சனி

ஆற்றுச் சுற்று, பதிமூன்று கிலோமீட்டர். நான்கு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். இந்த நோட்டில் இதைவிடக் கேவலமான நேரம் கிடையாது.

காரணம், இன்று மூன்று பேர். அக்கா தன் வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பல் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலத்தடியில் காரை விட்டு இறங்கும்போதுதான், "டாக்டரும் வராங்கடி, பாவம், ஊருக்குப் புதுசு" என்றாள். அந்தப் பாவம் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தது. இனி இந்த நோட்டில் அவர் பெயர் பல்லழகி.

பல்லழகி ஒவ்வொரு நாணலுக்கும் நின்று படம் எடுக்கிறார். அக்காவும் கூடவே நிற்கிறாள். ஆற்றங்கரைப் பறவைகள் சரணாலயத்துக்குள் சதுப்பின் மேல் போட்டிருக்கும் பலகைப் பாதையில் இரண்டு பேர்தான் சேர்ந்து நடக்க முடியும். இன்று அந்த இரண்டு பேரில் நான் இல்லை. அக்காவின் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் நடந்தேன். அந்தப் பையை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

மார்ச் 10, ஞாயிறு

காலையிலிருந்து மனசு ஆறவில்லை. அத்தான் இறந்த பிறகு திரைச்சீலையைக்கூட விலக்காமல் கிடந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடக்க வைத்தது யார்? முதல் நாள் பாலத்திலிருந்து அரை கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. அழுதாள். நானும் அழுதேன். ஆறு மாதத்தில் முழுச் சுற்று. எட்டு வருடம், மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை. நேற்று முளைத்த காளானுக்கு இதெல்லாம் தெரியுமா?

தெரியாது. அக்கா சொல்லியிருக்க மாட்டாள். — சொல்லியிருப்பாளோ?

மார்ச் 12

சொல்லியிருக்கிறாள். அத்தான் பாடிக்கொண்டே ஷேவ் செய்வாரே, அதுவரைக்கும்.

மார்ச் 23, சனி

நாங்கள் எப்போதும் சரணாலயக் கரையில் மேலே போய், கோடியில் இருக்கும் மரப்பாலத்தைத் தாண்டி, எதிர்க்கரை வயல்கள் வழியாகத் திரும்புவோம். இன்று பல்லழகி கேட்கிறார்: "ஒரு தடவை தலைகீழா சுத்திப் பாக்கலாமா? மத்தியானம் கிளம்பினா வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கடைசியில பறவைங்க அடையறதையும் பாக்கலாம்."

"நல்லா இருக்கே!" என்றாள் அக்கா.

நல்லா இருக்காமே. போன வருடம் நான் இதையேதான் சொன்னேன். "போற வழியில போவோம்டி, எதுக்கு வம்பு" என்றவள் இவள்தான்.

மார்ச் 24

என் மூஞ்சியைப் பார்த்து வீட்டுக்காரர் சொன்னது: "உங்க அக்கா கல்யாணத்தன்னிக்கும் நீ இப்படித்தான் நின்னே. ஆல்பத்துல இருக்கு, போய்ப் பாரு."

பார்த்தேன். இருக்கிறது.

ஏப்ரல் 6, சனி

உடம்பு சரியில்லை என்று அக்காவிடம் பொய் சொல்லிவிட்டு, விடிந்ததும் தனியாகவே போனேன். மூன்று மணி நேரம் ஐந்து நிமிடம்! எட்டு வருடத்தில் இதுதான் நல்ல நேரம். கார் பக்கத்தில் நின்றுகொண்டு யாரிடம் சொல்வது என்று பார்த்தேன். ஒரு நாய் இருந்தது.

மரப்பாலத்துக்கு முன்னால் இருக்கும் சரணாலயத்தின் கோடிக் கதவில் புது போர்டு மாட்டியிருக்கிறார்கள். பறவைகள் கூடு கட்டும் காலம், ஏப்ரல் பத்து முதல் மாலை நான்கு மணிக்குக் கதவு பூட்டப்படும், பிறகு யாருக்கும் அனுமதி இல்லை. நமக்கென்ன, காலையில் வருகிறவர்கள்.

ஏப்ரல் 12, வெள்ளி

அக்கா போன் செய்தாள். நாளைக்கு எனக்குப் பரிசோதனைக்கூடத்தில் சனிக்கிழமை வேலை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் நாளைக்கு அவர்கள் இரண்டு பேர் மட்டும் போகிறார்களாம், தலைகீழாக. டாக்டருக்கு மதியம் வரை கிளினிக், இரண்டு மணிக்குக் கிளம்புகிறார்கள்.

"உனக்குத்தான் அந்த வழி மனப்பாடமாச்சே. ஏதாவது பாத்துக்கணுமாடி?"

இரண்டு மணிக்குக் கிளம்பி, நாணலுக்கு நாணல் நின்றால், கோடிக் கதவுக்கு எப்படியும் நாலேகால் ஆகிவிடும். எனக்கு ரத்தம் பிரிக்கும் மெஷினைவிட வேகமாகக் கணக்கு ஓடியது.

"ஒண்ணுமில்லக்கா. போயிட்டு வாங்க" என்றேன்.

ஏப்ரல் 13, சனி

நான்கு மணி. ரத்தக் குழாய்களில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றில் தப்பாக ஒட்டிவிட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை. கண்டுபிடித்துக் கிழித்துவிட்டேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவர்களுக்குத்தான் என்ன ஆகிவிடும்? வந்த வழியே திரும்பி நடப்பார்கள். பல்லழகிக்குக் கால் வலிக்கும். அக்காவுக்கு அலுத்துப்போகும். அடுத்த முறை, தெரிந்தவளோடு போவதே மேல் என்று புரியும். அவ்வளவுதான். வேறென்ன?

ஆறு மணி. போன் எடுக்கவில்லை.

ஆறே முக்கால். எடுக்கவில்லை. சே, ஏண்டி இப்படிச் செஞ்சே?

ஏப்ரல் 14, ஞாயிறு

நேற்று ஏழரைக்கு வீடு வந்திருக்கிறார்கள். கதவு பூட்டு. திரும்பி நடக்கும்போது வயலோரச் சரிவில் அக்காவுக்கு முழங்கால் பிசகிவிட்டது. பல்லழகி அவளைத் தோளில் தாங்கி, இரண்டு பையையும் முன்னும் பின்னும் மாட்டிக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் நடத்திக் கூட்டி வந்திருக்கிறார். பிறகு ஒரு விவசாயி டிராக்டர் பெட்டியில், உர மூட்டைகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டு வந்து பாலத்தடியில் விட்டாராம்.

இதைச் சொல்லும்போது இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரிக்கிறார்கள். "டாக்டர், அந்தக் கோழி!" என்கிறாள் அக்கா. உடனே மறுபடி சிரிப்பு. எந்தக் கோழி? என்ன கோழி? கேட்டால், "அங்க இருந்திருந்தாத்தான் புரியும்டி" என்கிறாள்.

நான் வெட்டிய குழியில் இவர்கள் நீச்சல் குளம் கட்டிக் குளிக்கிறார்கள்.

முழங்கால் மட்டும் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. அதைப் பார்த்ததும் என் வயிற்றெரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

வாரம் முழுக்க வேலை முடிந்ததும் அக்கா வீடு. ஐஸ் வைத்தேன், துணி துவைத்தேன், ஜன்னல் கண்ணாடிகூடத் துடைத்தேன். "என்னடி இவ்ளோ கரிசனம்?" என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். சொல்ல வாயெடுத்தேன். சரியாக அப்போது மாடியிலிருந்து அவர் இறங்கி வந்துவிட்டார்.

அவர் போன பிறகு கேட்டேவிட்டேன். "அவங்ககிட்ட அப்படி என்னக்கா இருக்கு?"

அக்கா ஐஸ் பையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினாள். "அவ உக்காருவாடி."

"என்னது?"

"மரப்பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு இருக்கு. எட்டு வருஷமா அதத் தாண்டிப் போறோம். ஒரு நாளாவது உக்காந்திருக்கோமா? நீ கைக்கடிகாரத்தப் பாத்துட்டே முன்னாடி ஓடுவ. மொத வருஷம் அது எனக்கு வேண்டியிருந்துது. நீ இழுக்கலன்னா நான் எழுந்திரிச்சிருக்கவே மாட்டேன். இப்ப எனக்கு அறுபது ஆகப்போகுது. உன்கூட நடந்தா யாரோ பின்னாடி துரத்துற மாதிரி இருக்கு."

பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஏப்ரல் 22

பெஞ்சா? எந்தப் பெஞ்சு?

மே 4, சனி

தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது.

மே 18, சனி

முழங்கால் சரியாகிவிட்டது. நானே மாடிக்குப் போய், "நீங்களும் வாங்க, டாக்டர்" என்று அழைத்தேன். வாய் கோணாமல் சொல்ல, படியேறும்போதே இரண்டு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

காலையிலேயே கிளம்பி, பழைய வழியில் போனோம். பலகைப் பாதை வந்ததும் நான் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து முன்னால் நடந்தார்கள். வயிறு எரிந்தது. இல்லை என்று சொன்னால் இந்த நோட்டே சிரிக்கும். ஆனாலும் பின்னால்தான் வந்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆறு அங்கே ஒரு வளைவு வளைகிறது. அது வளைகிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். டாக்டர் ஏதோ நாரையைப் படம் எடுக்கத் தண்ணீர்ப் பக்கம் இறங்கினார். கோடிக் கதவும் அந்த போர்டும் எதிரிலேயே இருந்தன.

"அக்கா, அந்த போர்டு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உடம்பு சரியில்லன்னு சொன்ன அன்னிக்கு நீ தனியா இங்க வந்தது உன் வீட்டுக்காரர் சொல்லி அப்பவே தெரியும். நீ என்னிக்காவது ஒரு போர்டப் படிக்காம தாண்டியிருக்கியா? 'குப்பை போடாதீர்'னு இருந்தாக்கூட நின்னு, சத்தமாப் படிச்சுட்டுத்தான் வருவ. பூட்டின கதவு முன்னாடி நின்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்பவே திட்டியிருக்கலாம்ல?"

"சின்னதுல என் சிநேகிதிங்க வீட்டுக்கு வந்தா, அவங்க செருப்ப ஒளிச்சு வைப்ப. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. எத்தன தடவ நான் எடுத்துட்டு வந்து, தெரியாத மாதிரி வாசல்ல போட்டிருக்கேன்! யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"

"டாக்டர்கிட்ட...?"

"அவகிட்ட எதுக்குச் சொல்றேன்? நீ என் தங்கச்சிடி."

அதற்குள் டாக்டர் மேலே வந்துவிட்டார். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தியதைப் பார்த்து, "என்ன, ரகசியமா?" என்று சிரித்தார். நல்ல பல்தான். அக்கா நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். நகர்ந்தது என் பக்கம்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தான் ஷேவ் செய்த கதை வரைக்கும் தெரிந்த டாக்டருக்கு இது ஒன்று மட்டும் தெரியாது என்று நினைத்தபோது, வெட்கத்துக்கு நடுவிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திருந்திவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

திரும்பும் வழியில் அந்தக் கோழிக் கதையை எனக்குச் சொன்னார்கள். அங்கே இருந்திருந்தால்தான் புரியும் போலிருக்கிறது. சிரித்தேன்.

ஆற்றுச் சுற்று, பதிமூன்று கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் இரண்டு நிமிடம்.