சிவப்பு நூல் கட்டிய கேபிள்

மச்சான்,

உன் மனைவி தந்த பொலித்தீன் பையைத் திறந்ததும் முதலில் வந்தது உன் இருட்டறையின் மணம்தான். படம் கழுவும் மருந்தின் அந்தப் புளித்த நெடி. நீ ஸ்டூடியோவை மூடி எத்தனையோ வருடம், நீ போயே நாலு மாதம். மணம் மட்டும் போகவில்லை. கட்டாரிலிருந்து வந்து உன் கல்லறையில் நின்றபோது வராத அழுகை அந்தப் பையைத் திறந்தபோது வந்தது. ஆனால் அழுகை ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு மூன்று நாளும் கோபம்.

பைக்குள் நம்முடைய ஹார்ட் டிஸ்க். கறுப்புப் பெட்டி, மூலையில் நான் ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர், சுருட்டிவைத்த கேபிள். கேபிளின் கழுத்தில் சிவப்புத் தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. உன் மனைவியின் தையல் மெஷின் நூல்தான், அவள்தான் கட்டியிருப்பாள் என்று நினைத்து நான் அதைக் கவனிக்கவே இல்லை.

என் மடிக்கணினியில் செருகினேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கை வைத்துப் பார்த்தால் உள்ளே சுற்றுகிற அதிர்வு தெரிந்தது. திரையில் ஒன்றுமில்லை.

எனக்கு அவசரம் இருந்தது. கிரானுக்கு உள்ளே இருந்து தங்கப்பிள்ளை அம்மா இரண்டு தரம் என்னைத் தேடி வந்துவிட்டார். அவருடைய மூத்த மகளின் கல்யாணத்துக்கு நீதான் படம் பிடித்தாய். இடம்பெயர்ந்து ஓடியபோது வீடும் ஆல்பமும் போய்விட்டன. அதே கிழமையில் வட்டைக்கு வயல் பார்க்கப் போன அவருடைய மகன் குகன் திரும்பி வரவில்லை. அடையாள அட்டை அவன் சட்டைப்பையிலேயே போய்விட்டது. அவனுடைய முகம் இருக்கிற ஒரே இடம் அந்தக் கல்யாணப் படம்தான், அது இருப்பது இந்த டிஸ்க்கில். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் போன தரம் படம் இல்லை என்று அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வருகிற வியாழக்கிழமை இன்னொரு தரம் கூப்பிட்டிருந்தார்கள். நான் டிஸ்க்கைக் கையில் எடுத்தது திங்கட்கிழமை.

திங்கள் முழுவதும் லினக்ஸோடு மல்லுக்கட்டினேன். lsusb என்று கேட்டால் செருகியிருக்கிற சாதனங்களின் பட்டியலைத் தரும். மவுஸைச் சொன்னது, கெமராவைச் சொன்னது, டிஸ்க்கைச் சொல்லவில்லை. dmesg என்று கேட்டால் இயங்குதளம் தான் கண்டதையெல்லாம் எழுதிவைத்த பதிவைக் காட்டும். டிஸ்க்கைக் கழற்றிச் செருகிக் கழற்றிச் செருகிப் பார்த்தேன், ஒரு வரிகூட எழுதவில்லை. செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க்கென்றாலும் ஒரு பிழைச் செய்தியாவது வரும். இது எதையும் செருகாத மாதிரி இருந்தது. வேறு வாயில் செருகினேன். மகளின் கணினியில் செருகினேன். மின்சாரம் போதாதோ என்று தனி மின்சாரம் உள்ள ஹப் வாங்கிவந்து அதிலும் செருகினேன். எல்லா இடத்திலும் விளக்கு மட்டும் எரிந்தது.

இத்தனை வருடம் கணினி வேலை செய்தவன் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். எனக்குத் தெரியாதா? விளக்கு எரிகிறது, உள்ளே சுற்றுகிறது, ஆகவே கேபிள் சரி என்று ஒரு மடைத்தனம். போதாததற்கு அது பழைய காலத்துத் தடித்த வாய். இப்போதுள்ள போன் கேபிள் எதுவும் அதற்குள் போகாது. ஆகவே குற்றத்தை உன் தலையில் போட்டேன். உப்புக்காற்றில் கிடந்து உள்ளே உள்ள சின்னப் பலகை துருப்பிடித்திருக்கும், நீ எங்காவது போட்டிருப்பாய், மூடி மூடி வைத்தே சாகடித்திருப்பாய். எத்தனை தரம் சொன்னேன், ஒரு கொப்பியை நம்பாதே என்று.

சொன்னேனா இல்லையா? சுனாமிக்குப் பிறகு வந்த அந்த மாதங்களை நினைத்துப் பார். ஈரமான ஆல்பங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் சனம் நின்றது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடுங்க முடியாமல் இருந்தன. ஆல்பமே இல்லாதவர்களும் வந்தார்கள். உன்னிடம் நெகட்டிவ் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அமிர்தகழித் திருவிழா, கல்லடிக் கல்யாணங்கள், சாமத்தியச் சடங்குகள், முதல் நன்மை வாங்க வெள்ளைச் சட்டையோடு நின்ற பிள்ளைகள், எல்லாம் தகர அலுமாரியில் கடித உறைகளில் இருந்தன. இருப்பதை எல்லாம் ஸ்கேன் பண்ணுவோம் என்று நீதான் சொன்னாய். விண்டோஸில் வைரஸ் வந்து ஒரு கிழமை வேலையைத் தின்றபோது, தபாலில் இலவசமாக வந்த சீடியை வைத்து லினக்ஸ் போட்டது நான். டிஸ்க்கையும் லினக்ஸ் முறையிலேயே ஃபோர்மட் பண்ணினேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. வைரஸ் கிட்டவும் வராது என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

அப்போது கடைக் கணினியில் ஒரு கொப்பி, டிஸ்க்கில் ஒரு கொப்பி இருந்தது. "கடல் ஒருக்கா எடுத்தது காணும்" என்று நீயே சொன்னாய். மறுகா திரும்பவும் போர் வந்தது. ஸ்டூடியோவைச் சோதனை போட வந்தவர்கள் நெகட்டிவ் உறைகளையும் ஃபிலிம் ரோல்களையும் மழைத்தெருவில் கொட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து நீ டிஸ்க்கைக் கடையில் வைக்கவில்லை. காலையில் கல்லடிப் பாலத்தால் கொண்டுவருவாய், மாலையில் கொண்டுபோவாய். பாலத்தடிச் சாவடியில் ஒருநாள் உன்னை மறித்து டிஸ்க்கைத் தங்கள் கணினியில் செருகினார்கள். என் பெருமைக்குரிய லினக்ஸ் ஃபோர்மட் விண்டோஸுக்குத் தெரியாது. இந்த டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணட்டுமா என்று திரை கேட்டது. அந்தப் பொடியன் சிப்பாய் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு 'ஓம்' என்பதன் மேல் மவுஸை வைத்துக்கொண்டிருந்தானாம். அதற்குள் யாரோ தேத்தண்ணி கொண்டுவந்தார்கள், அவன் மவுஸை விட்டுவிட்டான். ஆயிரக்கணக்கான முகங்கள் ஒரு கோப்பைத் தேத்தண்ணியால் தப்பின. வந்து என்னிடம் அதைச் சொன்னபோது உன் சட்டை முழுக்க வேர்வை. என்னை நீ ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதற்கு இரண்டு கிழமை கழித்து ஒரு காலையில் கடைக்கு வருகிறேன், கணினியில் ஒரு படமும் இல்லை. எங்கே என்று கேட்டேன்.

"அழிச்சிட்டன்" என்றாய்.

என்னிடம் கேட்காமல். நான் மாதக்கணக்கில் இருந்து ஸ்கேன் பண்ணியவற்றை. அன்று நான் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "கடலும் அழிச்சிது, அவனுகளும் அழிச்சானுகள், இப்ப நீயும் அழிக்கிறாய். ஆருக்குப் பயந்து அழிக்கிறாய்?"

நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. "உனக்கு ரெண்டு பொம்புளப்புள்ள இருக்குகா" என்று மட்டும் சொன்னாய்.

அது எனக்குக் கோழையின் பேச்சாகக் கேட்டது. அன்றோடு கடைப் பக்கம் வருவதை விட்டேன். போர் முடிந்தது என்று தெருவில் வெடி கொளுத்திய நாளில் நீயும் நானும் அரைக்கட்டை தூரத்தில் தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். பிறகு நான் கட்டாருக்குப் போய்விட்டேன். நத்தாருக்கு நீ போன் எடுப்பாய், தீபாவளிக்கு நான் எடுப்பேன். சுகம் விசாரித்தோம், மழை விசாரித்தோம். டிஸ்க்கைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை திருப்புளியை எடுத்துப் பெட்டியைக் கழற்ற உட்கார்ந்தேன். கழற்றினால் மிச்சமும் போய்விடும் என்று வைத்துவிட்டேன். கொழும்பில் இதற்கென்று இடங்கள் இருக்கின்றன, ஆனால் மாதம் ஒன்றாகும் என்றார்கள். மாலை தங்கப்பிள்ளை அம்மா தொலைபேசியில் கேட்டார், கிடைத்ததா என்று. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "எடுக்க ஒண்ணாட்டிச் சொல்லு மனே, நான் குறை நினைக்கமாட்டன்" என்றார். அவர் குறை நினைத்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

புதன்கிழமை காலை உன் வீட்டுக்குப் போய் உன் மனைவியோடு சண்டை பிடித்தேன். உன்மேல் இருந்ததை அவள்மேல் கொட்டினேன். எங்கே வைத்தான், தண்ணி பட்டதா, விழுந்ததா, ஒரு கொப்பி எடுத்துவைக்கத் துப்பில்லாதவன் என்றெல்லாம் சொன்னேன். அவள் தையலை நிறுத்திவிட்டு எழும்பினாள். அவளுக்கும் கோபம் இருந்தது, மச்சான். நான் அதுவரை அதை யோசிக்கவில்லை.

"அது எப்பவோ பழுதுதானே அண்ண" என்றாள். "ஒவ்வொரு நாளும் பாலத்தடியில பழுதெண்டுதான் சொல்லிப்போட்டு வாறவர். ஆமிக்காரன் குத்திப் பாப்பான், ஒண்டும் வராது. பழுதுக்காரன் எண்டு பட்டப் பேரும் வெச்சானுகள். பழுதான சாமானை ஏன் நெஞ்சில கட்டிக்கொண்டு திரியிறீங்க எண்டு நானும் எத்தனை தரம் கேட்டிருப்பன்."

சொல்லிக்கொண்டே அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் தகரத்தை என் முன்னால் வைத்தாள். தெருவில் பொறுக்கியதில் மிஞ்சிய ஃபிலிம் ரோல்கள். இவற்றையும் நீங்களே கொண்டுபோங்கள், எறிவதென்றாலும் நீங்களே எறியுங்கள் என்றாள். பாதி ரோல்களின் இடுப்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் இருட்டறைச் சட்டம். வெளிச்சம் பட்டுப் பழுதான ரோலுக்குச் சிவப்பு நூல். சிவப்பு நூல் கட்டியிருந்தால் உள்ளே ஒன்றும் கிடைக்காது, கழுவி மருந்தை வீணாக்காதே. கடைக்கு வந்த முதல் கிழமையே நீ எனக்குச் சொன்னது. கணினிக்காரன் நான், ரோல்களைத் தொட்டதில்லை, மறந்துவிட்டேன். நீ நூல் கட்டியது டிஸ்க்கில் அல்ல, கேபிளில்.

பையிலிருந்து கேபிளை எடுத்து நூலை அவிழ்த்தேன். நூலுக்குக் கீழே கறுப்புத் தோலில் மயிர் அளவுக்கு ஒரு வெட்டு. உன் மனைவியின் கத்தரிக்கோலால் தோலை விரித்தேன். உள்ளே நாலு வயர். மின்சாரம் போகிற சிவப்பும் கறுப்பும் முழுசாக இருந்தன. தரவு போகிற வெள்ளையும் பச்சையும் நறுக்கப்பட்டு, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக ஒட்டப்பட்டிருந்தன. நெகட்டிவ் வெட்டுகிற உன் பிளேடு வேலை அது. விளக்கு எரியும், டிஸ்க் சுற்றும், எந்தக் கணினிக்கும் எதுவும் தெரியாது. ஃபோர்மட் பண்ணட்டுமா என்று இனி எந்தத் திரையும் கேட்காது. சாவடியில் நின்றவர்களை ஏமாற்றுவதற்கு நீ செய்தது மூன்று நாளாக என்னை ஏமாற்றியிருக்கிறது.

அப்படியென்றால் நல்ல கேபிள் எங்கே? நீ இரண்டு கேபிளோடு சாவடி தாண்டியிருக்க மாட்டாய், வேறு எதற்கோ உரியது போல வீட்டிலேயே விட்டிருப்பாய். உன் பழைய டிஜிட்டல் கெமராவின் பையைக் கேட்டேன். அதற்குள் கெமராவின் கேபிள் இருந்தது, அதே தடித்த வாய். செருகினேன். பதிவில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. புதிய சாதனம், இத்தனை கொள்ளளவு, ஒரு பிரிவு. பிறகு நான் அன்று பெயர் வைத்த கோப்புறைகள், நான் செய்த எழுத்துப் பிழைகளோடு அப்படியே. உன் மனைவி என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். பழுதில்லையா என்று கேட்டாள். பழுதில்லை என்றேன். அவள் போய்க் குசினிக்குள் இருந்துகொண்டாள்.

சரி, அந்த நாளில் சொல்லவில்லை, விளங்குகிறது. தெரிந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். கொப்பி என்னிடம் இருந்தால் என் வீட்டுக் கதவையும் தட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகு? சாவடியைத் தூக்கி எத்தனை வருடம்? எத்தனை நத்தாருக்குப் பேசினோம்? கேபிளில் இரண்டு வயர் வெட்டியிருக்கிறேன் என்று சொல்ல எத்தனை நேரமாகும்? கட்டிய பெண்ணுக்குக்கூடச் சொல்லாமல், பழுதுக்காரன் என்ற பெயரோடு இருந்து செத்துப்போனாய். நான் உன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டே உன்னோடு மழை விசாரித்தேன். அதை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு சந்தர்ப்பம் தரவில்லையே, அதற்கு உன்னை மன்னிக்க மாட்டேன். உன்னை அந்த அளவுக்குப் பயப்படப் பண்ணியவர்களையும் மன்னிக்க மாட்டேன்.

தங்கப்பிள்ளை அம்மா அன்று பின்னேரமே பஸ்ஸில் வந்தார். இருபத்தாறாவது படத்தில் குகன் இருந்தான். அக்காவுக்குத் தாலி கட்டுகிற நேரம், மணவறை வாழையோடு ஒதுங்கி நின்று வேறு எங்கேயோ பார்த்துச் சிரிக்கிறான். அந்த அம்மா அழவில்லை. திரையில் விரலை வைத்தார்.

"இந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது மனே" என்றார். பிறகு, "பெரிசாப் போடு. இனிப் படம் இல்லையெண்டு சொல்லட்டும் பாப்பம்."

பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். வியாழக்கிழமை படத்தை வாங்கி வைத்துக்கொண்டு அறிவிப்போம் என்றார்களாம்.

டிஸ்க்கை மூன்று கொப்பி எடுத்துவிட்டேன். ஒன்று உன் மனைவியிடம் இருக்கிறது. நேற்று நம்முடைய பழைய பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்தால் என் வீட்டுக்கு வந்தேன். சாவடி இருந்த இடத்தில் சோளம் அவித்து விற்கிறார்கள். என்னை யாரும் மறிக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. வீட்டில் மூத்தவள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, நல்ல கேபிளை அங்கே விட்டுவிட்டு இந்த வெட்டின கேபிளையா கொண்டு வந்தீர்கள் என்று கேட்டாள். மாறி எடுத்துவிட்டேன் என்றேன்.

அவளுக்குச் சொன்ன பொய்யை உனக்குச் சொல்ல ஒண்ணாது மச்சான். இரண்டு கேபிளும் உன் வீட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன. பாலத்தைத் தாண்ட வேண்டும் என்று நினைத்தேன், நூலை முன்பு இருந்த மாதிரியே கட்டினேன், பார்த்துத்தான் எடுத்தேன்.