ஒலிபெருக்கியில் கேட்ட ‘வரேன்’

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இதைக் கொண்டுவருபவர் நம் பக்கத்து வீட்டுப் பேருந்து ஓட்டுநர். உட்கார்ந்து படி. நேற்று என் கருவியைச் சோதிப்பதற்காகப் படகில் போன உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை, இன்னும் கரை திரும்பவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள். உன்னிடம் போனில் சொல்லத்தான் போனேன். வாய் எழவில்லை. கம்பியில்லாமல் பேசும் கருவியைக் கண்டுபிடித்தவனின் லட்சணம் இது!

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். “கடல்ல இருக்கறவனோட எல்லாம் பேசுவே, வீட்ல இருக்கற என்கிட்ட பேச மாட்டே” என்று தினமும் என்னைச் சீண்டுகிறவள், இன்று வாசல் விளக்கை ஏற்றிவைத்துவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். துறைமுக அறையில் அதிகாரிகள் கூடியிருந்தார்கள். மாப்பிள்ளையின் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது, இருமல் உள்பட. “இனிமே தூரம்னு ஒண்ணு கிடையாது சார்” என்று பீற்றிக்கொண்டேன். அவர் துறைமுக வாயைத் தாண்டினால் காவலுக்கு இழுவைப் படகு பின்னாலேயே போக வேண்டும் என்பது ஏற்பாடு. அலை பெரிதாகிக்கொண்டு வந்தது. இன்னும் தள்ளிப் போகிறீர்களா, இல்லை திரும்புகிறீர்களா என்று கேட்டேன். கேள்வியின் முதல் பாதிதான் அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ என்னவோ, “சரி மச்சான், அப்ப நான் வரேன்” என்றார்.

திரும்பி வருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். “நீங்க போக வேணாம், அவரே வர்றார்” என்று இழுவைப் படகுக்காரரிடம் சொன்னது நான்தான். அவர் எஞ்சினை அணைத்தார். டீ வந்தது, எல்லோரும் குடித்தோம்.

டம்ளரைக் கீழே வைக்கும்போது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நாமெல்லாம் என்ன சொல்வோம்? ‘போறேன்’ என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறோமா? ‘வரேன்’ என்றுதானே! மனிதர் சொல்லிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார், பாவி நான்! அவர் வாசலில் நின்று சொல்லியிருந்தால், போகிறவரின் முதுகு தெரிந்திருக்கும். என் கருவி குரலை மட்டும் கொண்டுவந்து கொடுத்தது. கூப்பிட்டேன், தொண்டை கிழியக் கத்தினேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. இழுவைப் படகு பாய்ந்து போனது, ஆனால் அதற்குள் மழை கடலை மூடிவிட்டது.

அந்த இரைச்சலைக் குறைக்க எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா! ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது மட்டும் இந்த மண்டையில் ஏறவில்லை. அறிவியல் வளர்ந்துவிட்டது என்று மேடையில் முழங்கியவன் நான். இனி யாரும் ‘வரேன்’ என்று சொல்லக்கூடாது என ஒரு விதி போடுவார்கள். கருவி இன்னும் மேம்பட்டது என்பார்கள். என் கையைக்கூடக் குலுக்குவார்கள்.

ஒலிபெருக்கி பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. தேடும் படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு குரலுக்கும் எழுந்து நிற்கிறேன், பிறகு உட்காருகிறேன்.

சற்று முன் ஒரு படகுக்காரர் கடலில் மிதந்த ஈரச் சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சாம்பல் நிறம். மேல் பொத்தான் மட்டும் வெள்ளை, கறுப்பு நூலால் தைத்திருக்கிறது. இந்த மாதிரிச் சட்டை ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கும். அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

திரும்பும் பேருந்தில் உனக்கு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏறிவிடு, தங்கம். என்னை அடி, திட்டு, இனி முகத்தில் விழிக்காதே என்று சொல்லு. எல்லாம் பிறகு. முதலில் வந்து, அந்தப் பொத்தானைத் தைத்தது நீயில்லை என்று மட்டும் சொல்லிவிடு.

உன் நலமே வேண்டும்,
அண்ணன்