என் தலையில் அடித்த சத்தியம்

17-7, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. காலையிலிருந்து ஒரே காற்று. குவாரிப் பக்கமிருந்து வெள்ளைப் புழுதி. காயப்போட்ட யூனிபார்மைத் திரும்பத் திரும்ப உதறினேன். நாளை அறிவியல் டெஸ்ட். ஒரு வரி படிக்கவில்லை.

சனிக்கிழமை நடந்ததை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். பகலில் யாரிடமும் சொல்ல முடியாது.

செல்வி அத்தையும் அம்மாவும் குவாரிக்குக் கீழே தக்காளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெடி வைக்கும் முன் சிவப்புக் கொடி நட்டு விசில் ஊத வேண்டும். அன்றைக்குக் கொடியும் இல்லை, விசிலும் இல்லை. திடீரென்று வெடி. கல் ஒன்று பறந்து வந்து அத்தையின் வலது கால்மேல். தேனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கூட இருந்து பார்த்தது அம்மா மட்டும்.

அன்று சாயங்காலமே குவாரி மேஸ்திரி வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். (இனி மே. என்று மட்டும் எழுதுவேன். யாராவது பார்த்துவிட்டால்?) அம்மாவையும் என்னையும் கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிப் போனார். என்னை எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

"பேப்பர்ல கையெழுத்து வாங்கினா வக்கீல் கிழிச்சுப் போட்டுருவான் தங்கச்சி. இது கிழியாது." சூடத்தைக் கொளுத்தினார். "பாத்ததை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு பிள்ள தலையில அடிச்சுச் சொல்லு."

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உன் வீட்டுக்காரக நம்ம டிப்பரைத்தான ஓட்டுறாக? மலை ரோடு. பிரேக்கு இன்னைக்குப் பிடிக்கும், நாளைக்குப் பிடிக்காது."

அம்மாவின் கை என் உச்சந்தலையில் விழுந்தது. சில்லென்று இருந்தது. சொன்னாள். மறு கையால் சூடத்தை அணைத்தாள். வரும் வழியில், "அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது" என்றாள்.

அதாவது, அம்மா வாயைத் திறந்தால் நான் செத்துப்போவேன்.

19-7, புதன்

தலைவலி. சத்தியத்தினாலா, காற்றினாலா? டெஸ்ட் மோசம். மத்தியானம் வெடி, வகுப்பு ஜன்னல் நடுங்கியது. எல்லாரும் காதைப் பொத்தினார்கள். நான் தலையைப் பொத்தினேன். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்.

பயந்தவை: தோளில் விழுந்த பல்லி. பஸ்ஸில் டிரைவர் சட்டென்று போட்ட பிரேக். அப்பா வர நேரமானது.

குழாயடியில் எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள்.

"அவ ஆத்தா ஏன் பேச மாட்டேங்கிறா?"

"கம்பெனிக்காரன் வாயில அல்வாவ வச்சிருப்பான். ஒட்டிக்கிருச்சு போல."

பாதிக் குடத்தோடு வந்துவிட்டேன்.

21-7, வெள்ளி

முருகன் மாமா வந்தார், செல்வி அத்தையின் வீட்டுக்காரர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, திங்கக்கெழம ஆர்.டி.ஓ. வந்து நம்ம ஸ்கூல்ல வச்சு விசாரிக்கிறாகளாம். கொடி நட்டோம், விசில் ஊதுனோம், அந்தப் பொம்பளதான் உள்ள வந்துச்சுன்னு கம்பெனி எழுதிக் குடுத்துருக்கு. அங்கன இருந்தது நீங்க ஒரு ஆளுதான். நீங்க சொன்னாத்தான் குவாரிய நிறுத்துவாக."

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா."

மாமா வாசல்வரை போய்த் திரும்பினார். "நேத்து அவ கால எடுத்துட்டாகக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். முகத்தை இல்லை. தலையை.

ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ரசம் அப்படியே இருக்கிறது.

22-7, சனி

சத்தியத்தை எடுக்க வழி உண்டா என்று பூசாரியிடம் கேட்கக் கோயிலுக்குப் போனேன். அவர் மே.யின் சகலை என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

"என்னத்தா வேணும்?"

"திருநீறு."

வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். எடுக்க முடியாது என்று சொல்லியிருந்தால்? கேட்காததே நல்லது.

வீட்டில் அம்மா என் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். வாயில் வந்துவிட்டது.

"பூசாரிகிட்ட கேட்டேன்மா. பயமுறுத்தி வாங்கின சத்தியத்தக் கருப்பன் ஏத்துக்கிற மாட்டானாம்."

"அவுகளா சொன்னாக?"

"ஆமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

இப்போது என் தலையில் இரண்டு.

23-7, ஞாயிறு

அப்பாவிடம் பிரேக் விஷயத்தை மட்டும் சொன்னேன். சத்தியத்தைச் சொல்லவில்லை. அப்பா சிரித்தார். "பிரேக்கு என் காலுக்கடியில இருக்கு ஆத்தா. அவன் வாயிலயா இருக்கு?"

சிரித்தவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். திரும்பி வந்தபோது நடந்து வந்தார். சாவியைக் கம்பெனி மேசையில் வைத்துவிட்டாராம். கையில் கோழிக்கறி. வேலையை விட்ட அன்றைக்குக் கறியா என்று அம்மா திட்டினாள். ஆனால் முகம் தெளிந்திருந்தது.

அப்பா தப்பித்தார். மிச்சம் நான்.

24-7, திங்கள்

விசாரணை. எங்களைப் பின் கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வராந்தா ஓரத்தில் நின்றேன்.

அம்மா நீலச் சேலை. ஆர்.டி.ஓ. மேசைக்கு எதிரில் நின்றாள். மே. கேட் பக்கம் நின்றார். அம்மா திரும்பிப் பார்த்ததும் தன் கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார். தலையைத் தடவுகிற மாதிரி. சிரித்தார்.

அம்மா என்னைத் தேடினாள். சொல்லு என்று தலையை ஆட்டினேன்.

"கொடி இல்லைங்க. விசிலும் இல்லைங்க. நாங்க குனிஞ்சு களை எடுத்துக்கிட்டு இருந்தோம். அவ என்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கையிலயே கல்லு வந்து விழுந்துச்சு."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"பயந்துக்கிட்டு இருந்தேங்க."

எழுதிக்கொண்டார்கள். முடிவு தெரியும்வரை வெடி வைக்கக் கூடாது என்று உத்தரவு. மத்தியானம் ஜன்னல் நடுங்கவில்லை.

முருகன் மாமா அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா கவனிக்கவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளை அமாவாசை. தொண்டை வலிக்கிற மாதிரி இருக்கிறது. தூங்கப் பயம்.

25-7, செவ்வாய், விடியுமுன்

இருக்கிறேன்.

ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். தூங்கவில்லை. மூக்குக்குக் கீழே ஒரு விரல். பூண்டு வாசனை. அம்மா. கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தாள். மறுபடி வைத்தாள். ராத்திரி முழுக்க அப்படியேதான்.

அப்படியென்றால் நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை. நம்பாமலே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

கோபம் வந்தது. பிறகு அழுகை. நான் விழித்திருப்பதைக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த தடவை விரல் வந்தபோது, அதில் நன்றாகப் படும்படி மூச்சை இழுத்து விட்டேன்.