மூன்று மேனிபோல்டு, ஒரே விரிசல்

12-3-1982, வெள்ளி, இரவு மணி 10.40. எங்கள் லாரியில் இதுவரை உடைந்த எக்ஸாஸ்ட் மேனிபோல்டு, அதாவது எஞ்சின் புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாய், மூன்று.

சாயங்காலம் வண்டி வந்ததும் வராததுமாக அப்பா பானெட்டைத் திறந்து, வெள்ளிக்கிழமை பூஜைக்காக, கொதிக்கிற எஞ்சின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். 'டிங்' என்று ஒரு சத்தம். ஆறியதும் மேனிபோல்டைக் கழற்றி, பழைய இரண்டோடு வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் விரிசல் மேல்பக்கம்தான், தண்ணீர் விழும் இடத்தில்.

"இதெல்லாஞ் சன்னம். இந்தத் தடவ நல்ல தடிமனாப் பாத்து வாங்கு சாமி," என்றார் அப்பா.

"தடிமனானா மேல குளுந்தாலும் உள்ள சூடு நிக்கும், இன்னும் சீக்கிரம் வெடிக்குமுங்கப்பா. தண்ணி ஊத்தறதுதானுங்க கோளாறு."

"டிப்ளமா படிச்சா பூஜையே கோளாறாத் தெரியுமாக்கும்!"

அதோடு பேச்சு முடிந்தது. திங்கள்கிழமை பெங்களூருக்கு ஜவ்வரிசி லோடு. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வெடித்தால் பக்கத்து வயர் பற்றிக்கொள்ளும். ஓட்டுவது அண்ணன். ஆனாலும் தடிமனானது எத்தனை வாளி தாங்கும் என்று பார்க்க எனக்கே ஆசையாகத்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை:

1. நாளை சேலத்தில் பழைய கனத்திலேயே, தட்டினால் கணீரென்று கேட்கும் வார்ப்பாக வாங்க வேண்டும்.
2. உடைந்ததில் ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி, அப்பா கண்ணெதிரே தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும்.
3. அதற்கும் மசியவில்லை என்றால், கற்பூரம் இல்லாமல் அப்பா பூஜையைத் தொடங்க மாட்டார்; அடுத்த வெள்ளி எஞ்சின் ஆறும் வரை கற்பூர டப்பா என் பெட்டிக்குள் இருக்கும்.